பழைய ஜீப் வண்டிக்கு ஓசையடங்கிய ஸைலென்ஸரைத் தெரிந்தெடுத்தல்

மலைச்சரிவுகளிலும் மேட்டு நிலங்களிலும் சாகுபடி செய்யும் விவசாயிகளிடம் பழைய ஜீப் வண்டிகள் இன்னமும் உழைத்து வருகின்றன. 1940-ஆம் வருஷங்களின் இறுதியில் பம்பாயில் வில்லீஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்துப் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா கம்பெனியார், பின்னர் அதே அமைப்பைத் தழுவிப் பலவித வண்டிகளைச் செய்து விற்றனர். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பாதைகளில் இவ்வகை வண்டிகளை நாள்தோறும் காணலாம். இருபது முப்பது வருஷங்கள் ஆன பின்னும், பழுது பார்த்து வந்தால் இவற்றின் இஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் அடிப்பாகத்தில் சேற்றையும் நீரையும் ஏற்று நிற்கும் ஸைலென்ஸர் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. பலமுறை மாற்றப்பட வேண்டியதாகிறது.

அவ்வாறு மாற்றும் சமயத்திலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். விலை குறைவென்று கருதி வெறுங்குழாயைப் பூட்டிவிடுவதும், உறுமல் அதிகமாயிருந்தால் இழுவைச் சக்தியும் அதிகமென்று எண்ணுவதும் பல இடங்களில் வழக்கமாயிருக்கின்றன. இவ்வெண்ணம் பிழையானது. புகை வெளியேறுவதற்குப் போதிய வழியில்லாவிடில் சக்தி குறையுமேயன்றி, ஓசை அடங்குவதனால் சக்தி குறைவதில்லை. வழியும் விசாலமாய், ஓசையும் அடங்கியதாய் உள்ள ஸைலென்ஸரைத் தெரிந்தெடுப்பது இயலும். அதற்கு வேண்டியது சிறிது கணக்கும் சிறிது கவனமுமே.

சப்தத்தினால் விளையும் நஷ்டம்

சப்தம் வெறும் தொந்தரவு மாத்திரமன்று. செவியின் உட்புறத்திலுள்ள நுண்ணிய உணர்வு மயிர்கள் ஓயாத பேரோசையால் அழிந்தபின் மீண்டும் முளைப்பதில்லை. நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்பவர் 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஓசையில் இருத்தலாகாதென்று அமெரிக்காவின் தொழிற் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் சிபார்சு செய்துள்ளனர். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் காலத்தைப் பாதியாக்க வேண்டும். அதாவது 88 டெசிபெலில் 4 மணி, 91 டெசிபெலில் 2 மணி, 94 டெசிபெலில் 1 மணி நேரமே தகும். ஸைலென்ஸர் ஓட்டையான திறந்த ஜீப்பைக் கீழ்கியரில் மலையேற்றிச் செல்லும் டிரைவர் தமது செவியைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருக்கலாம். அது தமக்கே தெரிவதற்கு வருஷங்கள் ஆகும்.

ஸைலென்ஸர் எவ்வாறு வேலை செய்கிறது

இப்பழைய வண்டிகளுட் பலவற்றில் உள்ளது பெஜோ அமைப்பின் 2,112 கன சென்டிமீட்டர் டீஸல் இஞ்சின். நான்கு சிலிண்டர்களை உடைய இவ்வித இஞ்சின் நிமிஷத்துக்கு 1,800 சுற்றுச் சுற்றுகையில், வினாடிக்கு 60 முறை புகையானது அழுத்தத்துடன் வெடித்து வெளியேறுகிறது. இவ்வதிர்வுகளே தூரத்திலும் கேட்கும் கனத்த உறுமலாகும். இவற்றை வலுவிழக்கச் செய்து, புகையைச் சீராக வெளிவிடுவதே ஸைலென்ஸரின் தொழில். இதில் இரு வகைகள் உண்டு.

முதலாவது, அறை வகை. குழாயிலிருந்து வரும் புகை ஓர் அகன்ற அறையில் விரிந்து, துவாரமிட்ட குழாய்களின் வழியாகத் தடுப்புத் தகடுகளைக் கடந்து, முன்னும் பின்னுமாகத் திரும்பிச் செல்லும். அறையின் சுவர்களில் பட்டு மீளும் ஓசை, எதிரே வரும் ஓசையைப் பெருமளவு அழித்துவிடுகிறது. கனத்த உறுமலை அடக்குவதற்கு இவ்வகையே சிறந்தது.

இரண்டாவது, பஞ்சு வகை. துவாரமிட்ட நேர்க் குழாயொன்றைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு திணிக்கப்பட்டிருக்கும். இது சீறலையும் கூர்மையான இரைச்சலையும் உறிஞ்சுமேயன்றிக் கனத்த உறுமலை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மேலும், டீஸல் கரியும், தேய்ந்த இஞ்சினிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து, பஞ்சு நாளடைவில் பயனற்றுப் போகும். பந்தய வண்டிகளுக்கென விற்கப்படும் பளபளப்பான ஸைலென்ஸர்களுட் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

கடையில் இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிது. நீண்ட குச்சியொன்றை ஒருமுனையில் நுழைத்தால் மறுமுனையில் நேரே வெளிவருமாயின் அது பெரும்பாலும் நேர்க் குழாய் வகையாகும். இடையில் தடைபட்டால் அறை வகையென்று கொள்ளலாம். பழைய ஜீப்புக்கு அறை வகையே முதன்மையாக வேண்டும். அதன்பின்னும் சீறல் மிஞ்சினால், வாற்குழாயில் சிறிய பஞ்சு வகை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வாங்குமுன் செய்யவேண்டிய பரீட்சை

எல்லாச் சப்தமும் ஸைலென்ஸரிலிருந்தே வருவதாக எண்ணிப் பணத்தைச் செலவிடலாகாது. மூட்டுகளில் உள்ள காற்றுக்கசிவு, காற்று வடிகட்டியின் மூடி தளர்ந்திருத்தல், டீஸல் பம்ப்பின் காலம் பிசகியதனால் உண்டாகும் தட்டல், உடைந்த தாங்கிகள் ஆகிய இவையும் இரைச்சலை விளைவிக்கும்.

காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கையில், வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, இஞ்சினை மெதுவாக ஓடவிட வேண்டும். ஒருவர் தடித்த கையுறையணிந்து, மடித்த ஈரத்துணியால் வாற்குழாயின் வாயைச் சில வினாடிகள் அழுத்த வேண்டும். குழாய் முழுவதும் சீராயிருந்தால் இஞ்சின் திணறும். துணியைப் புகை தள்ளும். எங்கேனும் கசிவிருந்தால் அவ்விடத்திலிருந்து 'உஸ்' என்ற ஓசை எழும். மூட்டுகளைச் சுற்றிக் கருங்கோடுகள் படிந்திருப்பதும் கசிவுக்கு அறிகுறி. மானிபோல்டின் காஸ்கெட் போயிருந்தால் எவ்வளவு உயர்ந்த ஸைலென்ஸரும் அவ்வோசையை அடக்காது. ஆகவே காஸ்கெட்டையும் கிளாம்புகளையும் சரி செய்த பின்னரே ஸைலென்ஸரைப்பற்றி முடிவு செய்தல் வேண்டும்.

கொள்ளளவைக் கணக்கிடுதல்

அறை வகையில் மிகமுக்கியமானது கொள்ளளவு. குழாயைக் காட்டிலும் அறை எவ்வளவு அகலமாயிருக்கிறதோ அவ்வளவுக்கு ஓசை அடங்கும். உருண்டையான ஸைலென்ஸரின் குறுக்களவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 78-ஆல் வகுத்தால் கொள்ளளவு லிட்டர் கணக்கில் கிடைக்கும்.

உதாரணமாக, 4 அங்குலக் குறுக்களவும் 12 அங்குல நீளமும் உள்ள ஒன்றைக் கொள்வோம். 4 × 4 × 12 = 192; அதை 78-ஆல் வகுக்கச் சுமார் 2½ லிட்டர் ஆகும். 6 அங்குலக் குறுக்களவும் 18 அங்குல நீளமும் உள்ள மற்றொன்றுக்கு 6 × 6 × 18 = 648; அதை 78-ஆல் வகுக்கச் சுமார் 8⅓ லிட்டர் ஆகும். இஞ்சினின் அளவு 2.1 லிட்டர். முதலாவது அதைக் காட்டிலும் சிறிதே பெரியது. இரண்டாவதோ ஏறக்குறைய நான்கு மடங்கு. பார்வைக்கு ஒன்றரைப் பங்கு பெரிதாகத் தோன்றும் பொருள், உள்ளே மூன்று பங்குக்குமேல் இடமுடையதாயிருப்பது கவனிக்கத்தக்கது. அடிப்பாகத்தில் இடமும் தரையிலிருந்து உயரமும் அனுமதிக்கும் அளவுக்குப் பெரியதையே கொள்ளுதல் நன்று. உயரம் போதாத வண்டிகளுக்கு, உருண்டைக்குப் பதிலாக முட்டை வடிவமுள்ள தட்டையான ஸைலென்ஸர் ஏற்றது.

குழாயின் உட்குறுக்களவு, வண்டிக்கு ஆதியில் இருந்த குழாயைவிடக் குறையலாகாது. குறைந்தால் புகை தேங்கி, இஞ்சின் சூடேறி, எண்ணெய்ச் செலவும் கரும்புகையும் அதிகரிக்கும். பட்டறையில் குழாயை வளைக்கும்போது வளைவு நசுங்கிக் குறுகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

தகடும் துருவும்

ஒரு லிட்டர் டீஸல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. வீட்டிலிருந்து களத்துக்கும் களத்திலிருந்து வீட்டுக்குமாகச் சிறு தூரமே ஓடும் வண்டியில் ஸைலென்ஸர் முழுவதும் சூடேறுவதில்லை. ஆதலால் அந்நீர் உள்ளேயே தங்கி, புகையிலுள்ள அமிலத்துடன் சேர்ந்து, தகட்டை உட்புறமிருந்து அரித்துவிடும். வெளியே வர்ணம் பூசுவதனால் இதைத் தடுக்க முடியாது.

ஆகவே ஸைலென்ஸரின் மிகத் தாழ்ந்த இடத்தில் நீர் வடிவதற்கு ஒரு சிறு துவாரம் இருத்தல் நலம். தகடு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லிய தகடு விரைவில் அரிபடுவதோடு தானும் அதிர்ந்து ஓசையிடும். இரட்டைத் தகடு போர்த்தியது இன்னும் அமைதியானது. சாதாரண இரும்பைவிட அலுமினியம் பூசிய தகடும், அதைவிடத் துருப்பிடிக்காத எஃகும் நீடித்து உழைக்கும். காந்தம் ஒட்டினால் சாதாரண இரும்பென்று முடிவு கட்டிவிடலாகாது. ஸைலென்ஸர்களுக்கு உபயோகிக்கும் துருப்பிடிக்காத எஃகில் காந்தம் ஒட்டும் ரகமும் உண்டு. பழைய சாமானை வாங்க நேரிட்டால் அதைக் கையிலெடுத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஏதேனும் கடகடவென்று உருண்டால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டதென்று அறிந்து விலக்க வேண்டும்.

விலையை மட்டும் ஒப்பிடாமல், எத்தனை வருஷம் உழைக்குமோ அத்தனையால் விலையை வகுத்துப் பார்ப்பது உசிதம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பட்டறைக் கூலியும் ஒருநாள் வேலை நஷ்டமும் சேருகின்றன என்பதையும் மறக்கலாகாது.

பொருத்தும் முறை

இஞ்சின் ஓடுகையில் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அசைகிறது, சட்டமோ அசைவதில்லை. ஸைலென்ஸரைச் சட்டத்துடன் இரும்புப் பட்டையால் இறுக்கிப் பற்றவைத்துவிட்டால், அதிர்வு முழுவதும் வண்டியின் உடலுக்கு ஏறி இரைச்சலாகும். சில மாதங்களில் குழாயும் வெடிக்கும். ரப்பரில் தொங்கவிடுவதே முறை. டீஸல் குழாய், பிரேக் குழாய், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து நான்கு விரற்கடையாவது விலகியிருக்க வேண்டும்.

வாற்குழாய் வண்டியின் பின்புற எல்லையைத் தாண்டி முடிதல் மிக அவசியம். நடுவிலேயே வெட்டி விட்டுவிட்டால், கான்வாஸ் கூரையிட்ட ஜீப்பின் பின்புறத் திறப்பு வழியாகப் புகை உள்ளே இழுக்கப்படும். அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் நஞ்சுக்காற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. டீஸல் வண்டியைவிடப் பெட்ரோல் வண்டியில் இது மிகுதி. பின்னால் அமர்ந்து வரும் கூலியாட்களுக்குத் தலைவலியும் மயக்கமும் உண்டாவதாகத் தெரிந்தால், பாதை வளைவுகளின்மேல் பழிபோடாமல் உடனே குழாயைப் பரிசோதிக்க வேண்டும். மூடிய கொட்டகையினுள் இஞ்சினை ஓடவிடுதல் ஒருபோதும் கூடாது.

களத்திலும் வைக்கோற்போர் அருகிலும் வண்டியை நிறுத்துபவர், ஸைலென்ஸரின்மேல் சிக்கிய சருகையும் வைக்கோலையும் அவ்வப்போது அகற்ற வேண்டும். காய்ந்த புல்லின்மேல் சூடான வண்டியை நிறுத்துவது தீக்கு இடமாகும்.

சட்டமும் கிராம அதிகாரிகளின் கடமையும்

1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதியின்படி, விவசாய டிராக்டர் உட்பட ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் ஓசையை இயன்றமட்டும் குறைக்கும் ஸைலென்ஸர் இருந்தே தீர வேண்டும். ஓசையைப்பற்றிய நிர்ணயங்களை மீறி ஓட்டுவோருக்கு 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 190-வது பிரிவில், 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. எனினும் அபராதத்துக்கு அஞ்சிச் செய்வதைவிட நன்மையறிந்து செய்வதே நிலைக்கும். கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும், ஓட்டைக் குழாயுடன் ஓடும் வண்டிக்காரரை அழைத்து, மேற்கண்ட துணிப் பரீட்சையை அவர் கண்முன்னே செய்துகாட்டினால் அதுவே தக்க உபதேசமாகும்.

சுருக்கம்

1. முதலில் கசிவுகளை அடைக்க வேண்டும். பிறகே ஸைலென்ஸரை வாங்க வேண்டும்.
2. அறை வகையே தகும். நேர்க் குழாய் வகை துணைக்கு மாத்திரம்.
3. கொள்ளளவைக் கணக்கிட்டு, இடத்துக்கு ஏற்ற பெரியதைக் கொள்ள வேண்டும்.
4. குழாயின் உட்குறுக்களவு ஆதியளவுக்குக் குறையலாகாது.
5. தகடு கனமானதாயும் நீர் வடியத் துவாரமுள்ளதாயும் இருக்க வேண்டும்.
6. ரப்பரில் தொங்கவிட்டு, வாற்குழாயை வண்டியின் பின்புறத்துக்கு வெளியே முடிக்க வேண்டும்.

இவ்வாறு செய்யப்பெற்ற பழைய வண்டி முன்போலவே பாரம் இழுக்கும். டிரைவரின் செவியும் பின்னால் அமர்ந்தோரின் உயிரும் காப்பாற்றப்படும். விடியுமுன் அவ்வண்டி சந்தைக்குப் புறப்படுகையில் தெருவில் உறங்கும் குழந்தை விழிக்கமாட்டாது. நுகத்தில் பூட்டிய மாடும் மிரளாது.