உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

மாணவர்களே, எஸ்.பி.எம். தேர்வு முடிந்து, முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் பலர் பகுதி நேர வேலை தேடுகின்றனர். ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்த பூச்சோங்கில் இன்று தொழிற்சாலைகளும் கிடங்குகளும் பேரங்காடிகளும் நிறைந்துள்ளன. 2016ஆம் ஆண்டில் எல்.ஆர்.டி. இரயில் சேவையும் இங்கு வந்தது. வேலைக்கு விண்ணப்பிக்க இடங்கள் பல உள்ளன. ஆனால், நேர்காணலில் பெரும்பாலும் முதலில் எழும் வேண்டுகோள் ஒன்றுதான்: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

எளிதாகத் தோன்றும் இந்த வேண்டுகோளுக்குப் பலர் தங்கள் பெயர், வயது, பள்ளி, உடன்பிறந்தோரின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிக்கின்றனர். இவற்றுள் பெரும்பாலானவை விண்ணப்பப் பாரத்திலேயே உள்ளன. அப்படியானால் அதிகாரி எதை அறிய விரும்புகிறார்? திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரம் இதற்கு விடை தருகிறது. ஒரு வேலையை எந்த வழியில், யாரால் முடிக்க இயலும் என்று ஆராய்ந்த பின்னரே அதனை அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். அந்த ஆராய்ச்சிக்கு உதவுவதே உங்கள் பதிலின் வேலை.

"எனக்கு அனுபவமே இல்லையே!" என்று நீங்கள் தயங்கலாம். இரவுச் சந்தையில் தோசை விற்கும் தாய்க்கு உதவும் ஒரு மாணவி, மளிகைக் கடை வேலைக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். "நான் கடின உழைப்பாளி" என்று மட்டும் அவள் கூறினால், அதை எப்படி நம்புவது? மாறாக, "ஒவ்வொரு வாரமும் மீதமான மாவின் அளவைக் குறிப்பேட்டில் எழுதினேன். மாதக் கடைசியில்தான் அதிகம் மீந்தது. அம்மாவிடம் சொன்னேன், அந்த வாரம் மட்டும் குறைவாக அரைத்தோம். வீணாவது குறைந்தது," என்று சொன்னால், அவளது பொறுப்பும் கவனமும் தாமாகவே வெளிப்படும். சூழல், பணி, செயல், விளைவு ஆகிய நான்கும் அதில் அடங்கியுள்ளன.

பதிலை மூன்று பகுதிகளாக அமைத்துக்கொள்ளுங்கள். இப்போது என்ன செய்கிறீர்கள், இதுவரை எதைச் செய்து கற்றீர்கள், இந்த வேலையை ஏன் விரும்புகிறீர்கள் என்பனவே அவை. இரண்டு நிமிடத்திற்குள் முடியுங்கள். முதலில் தமிழில் சிந்தித்து எழுதினால் கருத்து தெளிவாகும். பின்னர், நேர்காணல் நடைபெறும் மலாய் அல்லது ஆங்கில மொழியில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். சொல்லுக்குச் சொல் மனனம் செய்ய வேண்டாம். ஒரு சொல் மறந்தால் முழுப் பதிலும் தடுமாறும். குறிப்புகளை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

தம்மைப் பற்றிப் பேசுவது தற்பெருமை என்று சிலர் கூச்சப்படுவர். செய்ததைச் செய்ததாகச் சொல்வது தற்பெருமை ஆகாது. செய்யாததைச் சேர்த்துச் சொல்வதுதான் தவறு. "எவ்வளவு மாவைக் குறைத்தீர்கள்?" என்று அதிகாரி திருப்பிக் கேட்டால், உண்மையில் செய்தவருக்கு மட்டுமே விடை தயங்காமல் வரும்.

புறப்பாட நடவடிக்கையிலும் வீட்டிலும் நீங்கள் பொறுப்பேற்றுச் செய்த மூன்று செயல்களை இன்றே எழுதிப் பாருங்கள். உங்களைப் பற்றிச் சொல்வதற்கு உங்களிடம் ஏற்கெனவே செய்தி இருப்பது புலப்படும்.