தன்னை நெறிப்படுத்தக் கற்றல்

நுழையும்முன்

பள்ளி மணி ஒலித்ததும் ஒரு குழந்தை காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் ஒளிகிறது. அதனை அடம் என்பதா, அச்சம் என்பதா? நாம் சூட்டும் பெயரே அக்குழந்தையை நாம் நடத்தும் முறையை முடிவு செய்கிறது.

ஆட்டிசம் தொற்றுநோயன்று, வளர்ப்பின் குறையுமன்று. அது மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. 1943ஆம் ஆண்டு லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளின் இயல்புகளை விளக்கி எழுதிய கட்டுரை, மருத்துவ உலகின் கவனத்தை இதன்பால் ஈர்த்தது.

ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலர் ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றைப் பிறரைவிட மிகுதியாகவோ குறைவாகவோ உணர்கின்றனர். மின்விசிறியின் இரைச்சலைப் பலரும் சிறிது நேரத்தில் மறந்துவிடுவர். இக்குழந்தைக்கோ அது ஓயாது கேட்டுக்கொண்டேயிருக்கலாம். சட்டையின் உட்புறத் தையலும் உறுத்தலாம். அந்நிலையில் ‘இங்கே கவனி’ என அதட்டுவது சுமையைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. உடல் அமைதியுற்றால்தான் உள்ளம் ஒன்றில் நிலைக்கும்.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு உதவுவதே ‘ஆக்குபேஷனல் தெரபி’ எனப்படும் செயல்வழிச் சிகிச்சை. இங்குச் செயல் என்பது அன்றாட வாழ்வின் செயல்களாகும். குழந்தைக்கு விளையாடுதல், உண்ணுதல், உடுத்துதல், எழுதுதல் ஆகியனவே அதன் தொழில்கள்.

கற்றல் இடர்ப்பாடுடைய குழந்தைகளை ஆராய்ந்த அமெரிக்கர் ஜீன் அயர்ஸ், புலனுணர்வு ஒருங்கிணைப்பு என்னும் கருத்தை 1972இல் நூலாக வெளியிட்டார். ஐம்புலன்களோடு, உறுப்புகளின் நிலையைத் தசைகளாலும் மூட்டுகளாலும் அறியும் உணர்வையும், உட்செவியால் அறியும் சமநிலை உணர்வையும் அவர் வலியுறுத்தினார். ஊஞ்சலாட்டம், கனமான பெட்டியைத் தள்ளுதல், களிமண் பிசைதல் போன்றவை சிகிச்சையில் இடம்பெறுவதன் காரணம் இதுவே.

ஒரு குழந்தையை அமைதிப்படுத்தும் ஊஞ்சல், மற்றொரு குழந்தையைக் கிளர்ச்சியுறச் செய்யலாம். எனவே சிகிச்சையாளர் முதலில் உற்றுநோக்குகிறார். பின்னர், ‘சட்டையைத் தானே அணிதல்’ போன்ற சிறிய இலக்கு ஒன்றை வகுத்து, அதனைப் படிப்படியாகப் பிரித்துப் பயிற்றுகிறார். அடுத்து நிகழவிருப்பதைப் படங்களால் காட்டும் கால அட்டவணை, குழந்தையின் கலக்கத்தைத் தணிக்கக்கூடும். கலங்கிய குழந்தையின் அருகே பெரியவர் தாழ்ந்த குரலில், அமைதியாக இருத்தலும் பயிற்சியே; பிறர் துணையால் பெறும் அமைதியிலிருந்தே தன்னைத் தானே அமைதிப்படுத்தும் ஆற்றல் மெல்ல வளர்கிறது.

பிறருக்குத் தீங்கற்ற கையசைவைத் தடுப்பது இச்சிகிச்சையின் நோக்கமாதல் கூடாது. அது அக்குழந்தை தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழியாக இருக்கலாம். குழந்தையை மாற்ற முனைவதற்கு முன், விளக்கின் கூச்சத்தையும் அறையின் இரைச்சலையும் மாற்ற முடியுமா எனக் காண்பதே முறை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. ஆதலின், இக்குழந்தைக்கு வகுப்பறையில் இடமளித்தல் இரக்கச் செயலன்று; உரிமையை மதித்தலாகும்.

கற்பவை கற்றபின்

உம் வகுப்பறையில் ஐந்து நிமிடம் கண்மூடி அமர்ந்து, கேட்கும் ஒலிகளைப் பட்டியலிடுக. அவற்றுள் எவற்றைக் குறைக்க இயலும் எனக் குழுவில் கலந்துரையாடுக.