பின்கண்ணாடி
மின்சாரக் கார்களுள் பெரும்பாலானவற்றின் பின்கண்ணாடி, உடையுங்கால் கூரிய துண்டுகளாகாமல் சிறு மணிகளாக உதிரும். காரணம் யாது? கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றிக் குளிர்காற்றால் விரைந்து ஆற்றுவதனால், புறப்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிலைத்து நிற்கும். ஓரிடத்தில் ஆழமாகப் பிளந்தால் முழுதும் நொறுங்கும். ஆதலின் அதனை ஒட்டிச் செப்பனிடல் இயலாது. புதியதே பொருத்துதல் வேண்டும்.

தொழிலாளர் சிதறிய மணிகளை அகற்றிப் பழைய பசையைச் சீவுவர்; பாலியூரித்தேன் பசையிட்டுப் புதுக் கண்ணாடியைப் பதிப்பர்; படியும் பனியை நீக்கும் வெப்ப இழைகளை மின்கம்பியுடன் இணைப்பர்.

இத்துடன் வேலை முடிந்துவிடவில்லை. அப்பசை காற்றின் ஈரத்தை ஏற்று மெல்லவே இறுகும். அதற்குரிய நேரம் கழியுமுன் வண்டியை ஓட்டினால் கண்ணாடி இடம் பெயரக்கூடும். அதனால் பிறர்க்கும் தீங்கு நேரலாம். காத்திருத்தலும் தொழில்திறத்தின் ஒரு பகுதியன்றோ?