உத்திர முனையை முதலில் பார்



தம்பி, மயிலாடுதுறையில் தொண்ணூறு வயதான வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் வேலை கைக்கு வந்திருக்கிறது என்று வரைபடத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தாய். சுவரெல்லாம் கொத்திச் சிமெண்ட் பூச்சு, சிவப்புத் தரைமேல் விட்ரிஃபைட் டைல்ஸ், முற்றத்துக்குப் பாலிகார்பனேட் மூடி, கூடத்தில் ஃபால்ஸ் சீலிங். வீட்டுக்காரர் கேட்டதை நன்றாகவே வரைந்திருக்கிறாய். ஆனால் அவர் உன்னைக் கூப்பிட்ட காரணம் மூன்று: கூரை ஒழுகுகிறது, சுவர் உதிர்கிறது, அம்மாவுக்கு முட்டி வலி. அந்த மூன்றுக்கும் வரைபடத்தில் பதில் தேடினேன், கிடைக்கவில்லை. உன்னைப் போல் இந்த வேலைக்கு வருகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

என் முதல் புதுப்பிப்பு வேலை கும்பகோணத்தில். அதுவும் இதேபோன்ற சுண்ணாம்புக் காரை வீடு. உதிர்கிற பூச்சைக் கொத்தித் தள்ளிவிட்டு, நல்ல சிமெண்ட் கலவையாகப் பூசி, மேலே பளபளவென்று எனாமல் அடித்துக் கொடுத்தேன். வீட்டார் மனம் குளிர்ந்து வேட்டி எடுத்துத் தந்தார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் பூச்சு இடுப்புக்கு மேலே கொப்பளித்து உப்புப் பூத்தது. ஆறாம் வருடம் கூடத்து உத்திரம் ஒரு பக்கம் இறங்கியது. சுவருக்குள் புதைந்திருந்த அதன் முனையைத் தொட்டேன். தேக்கு, ஊறிய ரொட்டிபோலக் கையோடு வந்தது. தலைமுறைகள் தாங்கிய மரத்தை நான் ஆறு வருடத்தில் அழித்திருந்தேன்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்துச் சுவர்களில் பெரும்பாலும் ஓதம் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றில் போய்விடும். கூடவே வரும் உப்பு பூச்சில் தங்கி, பூச்சு உதிரும். சில வருடத்துக்கு ஒருமுறை பூச்சை மாற்றினால் போதும், சுவர் பிழைத்துக்கொள்ளும். சிமெண்டும் எனாமலும் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் வழி தேடி இன்னும் மேலே ஏறும். மேலே இருப்பது உத்திர முனை.

ஆகவே கொத்துவதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடி. தெருவைப் பார். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு எத்தனையோ வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. வாசற்படியில் எத்தனை படி மண்ணுக்குள் போயிருக்கிறது என்று எண்ணினால் தெரியும். கொல்லைக் குளியலறைத் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா, மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் அடித்தளத்திலேயே கொட்டுகிறதா என்று பார். சுவரைச் சுற்றித் தண்ணீர் வழிந்தோட வாட்டம் கொடுத்தாலே பாதி ஓதம் இறங்கிவிடும். அதன்பிறகு சுண்ணாம்பு பூசு. சுண்ணாம்பை நன்றாக நீற்றி ஊறவைக்க வேண்டும், கடுக்காய், பனைவெல்ல ஊறல் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் வேண்டும், காய நாள் வேண்டும். இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, நாளும் கூலியும் சேர்த்துக் கணக்குப் போடு. சிமெண்டுக்குச் சூளையில் ஏறக்குறைய 1,450 டிகிரி சூடு வேண்டும், சுண்ணாம்புக்கு 900 போதும். இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவில் ஒரு பங்கைச் சுண்ணாம்பு திரும்பவும் வாங்கிக்கொள்ளும். பூமிக்கு நல்லதும் அந்தச் சுவருக்கு நல்லதும் இங்கே ஒன்றாகவே அமைந்திருப்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கூரை மெட்ராஸ் டெரஸ் என்று எழுதியிருக்கிறாய். தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லிக் காரை போட்டு, தட்டோடு பதித்தது. ஒழுகினால் மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போடச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்: சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ கூடுதல் பாரம், அதுவும் ஏற்கெனவே நனைந்த மரத்தின் தலையில். பெரும்பாலும் குற்றவாளி தட்டோட்டு இணைப்பிலுள்ள விரிசலோ, கைப்பிடிச் சுவரோரம் முளைத்த அரசங்கன்றோ, அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாயோதான். அதைச் சரிசெய்து, கோடைக்கு முன் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் கூடமும் குளிரும். ஃபால்ஸ் சீலிங் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒழுகலும் கரையானும் தெரியாதபடி மூடிவிடும். தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

முற்றத்தில் நீ கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். திருட்டுப் பயம், குரங்குத் தொல்லை, மழையில் நனைந்துகொண்டு சமையலறைக்கு ஓடுவது எல்லாம் அந்த வீட்டுப் பெண்களின் அன்றாடப் பாடு. அழகு பேசி அதைத் தள்ளிவிட முடியாது. கம்பி வலை போடு. மூடி வேண்டுமென்றால் ஓட்டு விளிம்புக்கு மேலே இரண்டடி உயர்த்தி, நாலு பக்கமும் திறந்து வை. சூடான காற்று மேலே போக அந்த இடைவெளிதான் வாசல். ஒட்டி மூடினால் பங்குனியிலேயே ஏசி கேட்பார்கள். மூடியில் விழும் மழையைக் கிணற்றுக்குத் திருப்பு. மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. எத்தனை வீட்டில் அந்தக் குழாய் இன்று வேலை செய்கிறது என்று நீயே அறிவாய்.

சிவப்புத் தரையை விட்டுவிடு. விரிசலை அடைத்து மெழுகு தேய்த்தால் இன்னொரு தலைமுறைக்கு வரும். ஈரக்காலோடு அம்மா பளபளப்பான டைல்ஸில் நடப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பணத்தில் அவருக்குப் படுக்கையறையை ஒட்டிச் சொரசொரப்பான தரையோடு ஒரு குளியலறை, கைப்பிடி, மேற்கத்திய கழிப்பிடம் செய்துகொடு. அங்கே சிமெண்டைத் தாராளமாகப் பயன்படுத்து. ஆனால் பழைய சுவரைத் தொடாமல் சற்று விலக்கிக் கட்டு. மின்கம்பி முழுவதையும் மாற்று. இதில் சிக்கனம் பார்க்காதே. மின்விசிறியை பிஎல்டிசி வகையாகப் போட்டால் 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட்டில் ஓடும்.

கதவு நிலைகளைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்துச் சுரண்டச் சொல். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் இருக்கும் வீடு அது. கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை இருக்கிறது என்றாயே, அதையும் உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகக் கழற்றுங்கள்.

கழற்றுகிற ஒவ்வொரு ஓட்டையும் ஜன்னலையும் எண்ணி எழுதி வை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இடித்த கட்டடங்களிலிருந்து வந்த பழைய கதவு ஜன்னல்களை வைத்தே திருவனந்தபுரத்தில் தன் சொந்த வீட்டைக் கட்டியவர். கட்டுமானப் பொருளை ஐந்து மைலுக்குள் தேடு என்ற காந்தியின் அறிவுரையை வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உனக்கு அந்தப் பொருள் ஐந்தடிக்குள் கிடக்கிறது. லாரியில் ஏற்றிக் காவிரிக் கரையில் கொட்ட விடாதே.

புரட்டாசிக்குள் முடித்துவிடச் சொல்லி நெருக்குவார்கள். கூரைப் பணிக்கு மட்டும் தை வரை அவகாசம் கேட்டு வாங்கு. ஐப்பசியில் அடைமழை பிடிக்கிற நாளில் டார்ச்சோடு ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு உத்திர முனையையும் கையால் தொட்டுப் பார்த்து, ஈரமானதற்குச் சாக்பீஸில் குறி போடு. முந்தின நாள் தகவல் சொன்னால், ஏணி பிடிக்க நானும் வந்துவிடுவேன்.