சொல் ஒன்று, பொருள் வேறு

"நாளை காலை குளத்துக் கதவு திறக்கப்படும்." இப்படியொரு செய்தி கைத்தொலைபேசிக்கு வருகிறது. எந்தக் குளம்? எந்த நாளை? ஒரு வாய்க்கால் கமக்காரர் தமக்குள் அனுப்பியது பத்து நாள் கழித்து வேறு ஊருக்குப் போனால், சொல் மாறாது, பொருள் மாறிவிடும். யார், யாருக்கு, எப்போது, எங்கே சொன்னார் என்பதே சொல்லுக்குப் பொருள் தருகிறது.

2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் நடந்ததைப் பாருங்கள். முஸ்லிம் உணவகமொன்றில், கறியில் கிடந்த கட்டியைக் காட்டி, மலடாக்கும் மருந்து போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டார்கள். அம்மொழி சரியாகத் தெரியாத பணியாளர், மாவைப் பற்றிக் கேட்பதாக எண்ணி ஆம் என்றார். கேள்வி அவருக்கு விளங்கவில்லை என்பது காணொளியைப் பார்த்தோருக்குத் தெரியாது. முகநூலில் அது குற்ற ஒப்புதலாகப் பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. கட்டியில் இருந்தது வெறும் மா என்பது பின்னர் அரச பகுப்பாய்வில் தெரிந்தது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் 'காணி விடுவிப்பு', 'மீள்குடியேற்றம்' என்ற சொற்கள் போதும், மனம் ஊருக்கு ஓடிவிடும். ஆகவே மூட்டை கட்டுமுன்னும், பிறருக்கு அனுப்புமுன்னும் கேளுங்கள்:

1. முதலில் சொன்னவர் யார்?
2. எந்தத் திகதி? எந்த ஊர்?
3. முன்பின் வெட்டப்பட்டுள்ளதா?
4. கிராம அலுவலரிடம் விசாரித்தோமா?

குழுவில் கலந்துரையாட: அண்மையில் உங்களுக்கு வந்த செய்தியொன்றில், இக்கேள்விகளுள் எதற்கு விடை இல்லை?