ஒட்டாத செல்களும் ஒரு பாட்டில் பஃபரும்

முதன்முதலில் அந்தக் குட்டி ட்யூபைப் பார்த்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை என்று நினைத்தேன். ஈ-கேடெரின், 50 மைக்ரோகிராம். பொடி என்று பெயர்தான். கண்ணுக்குத் தெரியாத படலமாகச் சுவரில் ஒட்டிக்கிடக்கும், சிலசமயம் மூடியிலும். அதனால் திறக்குமுன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று சுற்றி அடியில் இறக்கிவிடுவேன். கரைத்ததும் சின்னச் சின்ன ட்யூப்களில் பங்கிட்டு மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட வேண்டும். ஒரே ட்யூபைத் திரும்பத் திரும்ப உருக்கினால் புரதம் வீணாகும்.

குடல், தோல் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது இந்தப் புரதத்தால்தான். மனித ஈ-கேடெரினின் வெளிப்பகுதியை மட்டும் எடுத்து, ஆன்டிபாடியின் எஃப்சி வாலை அதில் கோத்து, வளர்ப்புச் செல்களில் தயாரிக்கிறார்கள். அதைப் பிளேட்டில் பூசி, மேலே செல்களைத் தூவி, எத்தனை ஒட்டுகின்றன என்று எண்ணுவதுதான் என் வேலை.

மூன்று வாரம் ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு மணி நேரம் வைத்துக் கழுவினால், வெறும் பிளாஸ்டிக் பிளேட்டும் பூசிய பிளேட்டும் ஒரே மாதிரி காலி. பூச்சு சரியில்லையோ என்று அளவை இரட்டிப்பாக்கினேன். காசு கரைந்ததுதான் மிச்சம்.

லேபில் சீனியர் அக்கா ஒருவர் இருந்தார். பிளேட்டை அவர் பார்க்கக்கூட இல்லை. “செல்லை எதுலப்பா பிரிச்ச? எதுல கழுவுன?” என்றார்.

இ.டி.டி.ஏ. கலந்த ட்ரிப்சினில் பிரித்தேன். கால்சியம் இல்லாத சாதா பாஸ்பேட் பஃபரில், அதாவது பி.பி.எஸ்.ஸில், கழுவினேன்.

“அப்புறம் எப்படி ஒட்டும்?”

கேடெரினுக்குக் கால்சியம் முதுகெலும்பு மாதிரி. அதன் வெளிப்பகுதியிலுள்ள ஐந்து துண்டுகளின் இணைப்புகளில் அது உட்கார்ந்தால்தான் புரதம் விறைப்பாக நிற்கும். இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பறித்துவிட்டால் துவண்டுபோகும். துவண்டதை ட்ரிப்சின் வெட்டித் தள்ளிவிடும். செல்லின் கையை நானே வெட்டிவிட்டு, ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இதில் ஒரு வேடிக்கை. 1970களில் ஜப்பானிய விஞ்ஞானி மசாத்தோஷி தக்கெய்ச்சி கியோட்டோவிலிருந்து அமெரிக்காவின் பால்ட்டிமோருக்குப் போனபோது, ஊரில் நன்றாக ஒட்டிய செல்கள் அங்கே ஒட்ட மறுத்தன. அங்கிருந்த ட்ரிப்சினில் இ.டி.டி.ஏ. இருந்தது, கியோட்டோவில் இல்லை. அந்த வித்தியாசத்தைத் துருவிப் போனவர்தான் கேடெரினைக் கண்டுபிடித்தார். நான் மூன்று பிளேட்டைத் தூக்கிப் போட்டதோடு சரி.

இப்போது கால்சியம் சேர்த்த, இ.டி.டி.ஏ. இல்லாத ட்ரிப்சினில்தான் பிரிக்கிறேன். கழுவ, 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு போட்ட ஹெப்பெஸ் பஃபர். பாஸ்பேட் பஃபரில் கால்சியத்தைக் கொட்டிவிடாதீர்கள், வெள்ளையாகத் திரியும்.

இன்னும் இரண்டு. பிளேட்டில் பூசுவதற்கு அல்புமின் சேர்க்காத புரதமாகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் இடம் பிடிப்பது அல்புமின்தான். எஃப்சி வாலை மட்டும் பூசிய பிளேட் குழி ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். செல் பிடித்தது கேடெரினையா, வாலையா என்பது அதில்தான் தெரியும்.

ஒட்டவில்லை என்றால், புரதம் மோசம் என்று கம்பெனிக்கு மெயில் எழுதுமுன் பஃபர் பாட்டிலின் லேபிளை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் எழுதி, அனுப்பியும்விட்டேன்.