மட்டை வரிசை

ஒரு செயலைச் செய்யவல்லார் யாவர் என அறிதல் தலைவனது முதற்கடமை. அவருள் எவரை எப்பொழுது அச்செயலில் ஈடுபடுத்துவது என அறிதல் அதனினும் அரிய கடமை. விதைப்பவனும் களையெடுப்பவனும் அறுப்பவனும் ஒரே நாளில் வயலில் இறங்கினால் விளைவு யாதாகும்? ஒவ்வொருவர்க்கும் உரிய வேளை ஒன்று உண்டு. இவ்வுண்மை ஆட்டக்களத்திற்கும் பொருந்துவதாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெரியோரும் சிறுவரும் விரும்பி ஆடும் பேஸ்பால் ஆட்டத்தில், மட்டை பிடிப்போரை வரிசைப்படுத்தும் முறை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

பேஸ்பால் ஆட்டத்தில் ஓர் அணியில் ஒன்பதின்மர் ஆடுவர். களத்தில் சதுர வடிவில் நான்கு தளங்கள் அமைந்திருக்கும். அவற்றுள் ஒன்று தாய்த்தளம். மட்டை பிடிப்பவன் அதன் அருகே நின்று, எதிரணியினன் வீசும் பந்தை அடித்துவிட்டு முதல் தளத்தை நோக்கி ஓடுவான். பின்னர் இரண்டாம் தளத்தையும் மூன்றாம் தளத்தையும் தொட்டு, மீண்டும் தாய்த்தளத்தை அடைவானாயின் அவனது அணிக்கு ஓர் ஓட்டம் சேரும். ஒரே அடியில் நான்கு தளங்களையும் சுற்றி வருதல் அரிது. பெரும்பாலும் ஒருவன் ஏதேனும் ஒரு தளத்தில் காத்து நிற்பான். அடுத்து வருபவனது அடியே அவனை முன்னே செலுத்தும். அடித்தற்கு ஏலாத பந்துகள் நான்கினை அடியாது விட்டவன், முதல் தளத்திற்கு நடந்தே செல்லும் உரிமை பெறுவான். மூவர் ஆட்டமிழந்தவுடன் அவ்வணியின் சுற்று முடிவுறும். எதிரணியினர் மட்டை பிடிக்க வருவர்.

கிரிக்கெட் ஆட்டத்தில் வல்லவன் ஒருவன், ஆட்டமிழக்கும்வரை மணிக்கணக்காக மட்டையுடன் நிற்றல் கூடும். பேஸ்பாலில் அதற்கு இடமில்லை. தன் முறை முடிந்தவுடன், வென்றவனாயினும் தோற்றவனாயினும், அவன் அடுத்தவனுக்கு வழிவிடுதல் வேண்டும். ஒன்பதாமவன் முறை முடிந்தபின் மீண்டும் முதலாமவன் வருவான். ஒரு சுற்று ஐந்தாமவனோடு முடிந்தால், அடுத்த சுற்று ஆறாமவனோடு தொடங்கும். ஆதலின் இவ்வரிசை நேர்கோடு போன்றதன்று, சக்கரம் போன்றது. ஆட்டம் தொடங்குமுன் இவ்வரிசையை எழுதி நடுவரிடம் கொடுத்தல் வேண்டும் என்பது விதி. வரிசை பிறழ்ந்து ஒருவன் மட்டை பிடித்து, எதிரணியினர் அதனை உரிய வேளையில் முறையிடுவாராயின், அப்பொழுது வந்திருக்க வேண்டியவன் ஆட்டமிழந்தவனாவான்.

வரிசைக்கு இத்துணைச் சிறப்பு ஏன்? மூவர் செயல்களைக் கருதிப் பார்த்தால் விடை விளங்கும். ஒருவன் நான்கு தீய பந்துகளை விடுத்து முதல் தளத்தை அடைகின்றான். மற்றொருவன் பந்தை அடித்து ஒரு தளம் முன்னேறுகின்றான். வேறொருவன் பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடிக்கின்றான். இம்மூன்றும் இம்முறையே நிகழுமாயின், தளங்களில் நின்ற இருவரும் அடித்தவனும் ஆக மூவரும் தாய்த்தளத்தை அடைவர். மூன்று ஓட்டங்கள் கிடைக்கும். எல்லையைக் கடந்த அந்த அடி முதலில் நிகழ்ந்து, ஏனைய இரண்டும் பின்னர் நிகழ்ந்தால், ஓர் ஓட்டமே கிடைக்கும். தளங்களில் நின்ற இருவரும் அவ்வண்ணமே நின்றுவிடுதல் கூடும். ஆற்றிய செயல்கள் அவையே. முறை மாறிற்று, பயனும் மாறிற்று.

இதனை உணர்ந்த முன்னோர் ஒவ்வோர் இடத்திற்கும் தக்கவர் இன்னார் என வகுத்தனர். முதலில் வருபவன் பொறுமையும் விரைவும் உடையவனாதல் வேண்டும். எவ்வாறேனும் முதல் தளத்தை அடைதல் அவன் கடமை. இரண்டாமவன் பந்தைத் தவறவிடாது, குறித்த திசையில் செலுத்த வல்லவனாதல் வேண்டும். மூன்றாமவன் அணியில் பலதிறனும் ஒருங்கே அமைந்தவன். நான்காமவன் தோள்வலி மிக்கவன். தளங்களில் காத்து நிற்பார் அனைவரையும் ஒரே அடியால் தாய்த்தளம் சேர்ப்பது அவன் பொறுப்பு. ஐந்தாம், ஆறாம் இடத்தார் அவனுக்குத் துணையாவர். கடைசி மூன்று இடங்களும் திறன் குறைந்தோர்க்கு உரியன என்பது பழைய வழக்கு.

இவ்வழக்கினால் மூன்றாம் இடத்திற்கும் நான்காம் இடத்திற்கும் பெரும்புகழ் உண்டாயிற்று. 1929ஆம் ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் அணியினர் தம் சட்டைகளில் எண்களைப் பொறித்தபொழுது, மட்டை வரிசையையே அடிப்படையாகக் கொண்டனர். மூன்றாவதாக ஆடிய பேப் ரூத் 3 என்னும் எண்ணையும், நான்காவதாக ஆடிய லூ கெரிக் 4 என்னும் எண்ணையும் அணிந்தனர். அவ்வெண்கள் புகழின் அடையாளங்களாயின. நாளடைவில், வரிசையில் ஒருவன் பெற்ற இடமே அவனது மதிப்பு என்னும் எண்ணமும் மக்கள் உள்ளத்தில் வேரூன்றியது. வேலைப் பங்கீடாகத் தோன்றிய ஒன்று தரப் பட்டியலாகிவிட்டது. பெரியோர் ஆட்டத்தில் இதனால் விளையும் தீங்கு சிறிது. சிறுவர் ஆட்டத்திலோ பெரிது.

சிறுவர்க்கெனத் தனி அமைப்பு ஒன்று தோன்றிய வரலாறு அறியத்தக்கது. பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவஹானா ஆற்றங்கரையில் வில்லியம்ஸ்போர்ட் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரினரான கார்ல் ஸ்டாட்ஸ், பெரியோர்க்குரிய களத்தில் சிறுவர் ஓடிக் களைத்துப் போதலைக் கருதி, களத்தையே அவர்கள் அளவிற்குச் சுருக்கினார். பெரியோர் ஆட்டத்தில் தளத்திற்கும் தளத்திற்கும் இடையே 90 அடி. சிறுவர்க்கு அது 60 அடியாயிற்று. ஒன்பது சுற்றுகள் ஆறு சுற்றுகளாயின. 1939ஆம் ஆண்டு மூன்று அணிகளுடன் 'லிட்டில் லீக்' என்னும் அமைப்பு தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் 6ஆம் நாள் நடந்த முதல் ஆட்டத்தில் ஓர் அணி 23 ஓட்டங்களும் மற்றோர் அணி 8 ஓட்டங்களும் எடுத்தன. தொடக்கத்தில் சிறுவர்க்கே உரியதாயிருந்த இவ்வமைப்பு, 1974ஆம் ஆண்டில் சிறுமியர்க்கும் வழிதிறந்தது. இன்று பல நாடுகளில் அது பரவியுள்ளது.

களம் சுருங்கியதுபோல, வரிசை பற்றிய கருத்தும் சிறுவர்க்கேற்ப மாறுதல் வேண்டும். சிறுவர் வீசும் பந்து எப்பொழுதும் குறி தவறாது வருவதில்லை. ஆதலின் தீய பந்தை விடுக்கும் பொறுமையே பல வேளைகளில் பெருஞ்செல்வமாகும். எல்லையைக் கடக்கும் அடிகள் அரியன. பந்தைப் பிடிப்போரும் எறிவோரும் பிழை செய்தல் மிகுதி. எனவே, மென்மையாகவேனும் பந்தை அடித்துவிட்டு விரைந்து ஓடும் சிறுவன், வன்மையாக வீசி அடித்துப் பந்தைத் தவறவிடும் சிறுவனினும் அணிக்கு மிகுந்த பயன் தருவான். இதனை உணராத பயிற்சியாளர், உருவத்தால் பெரியவனை நான்காம் இடத்திலும் சிறியவனைக் கடைசி இடத்திலும் நிறுத்திப் பயன் இழப்பர்.

இதனினும் சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. சிறுவர் ஆட்டங்கள் பலவற்றில், களத்தில் ஒன்பதின்மரே நிற்பினும், வந்திருக்கும் அனைவரும் முறையே மட்டை பிடிக்கும் வழக்கம் உள்ளது. ஓர் அணியில் பன்னிருவர் உள்ளனர் எனக் கொள்க. ஆறு சுற்றுகளில் 18 பேர் ஆட்டமிழப்பர். மட்டை பிடித்தோர் எண்ணிக்கை, ஆட்டமிழந்தோர், ஓட்டம் எடுத்தோர், தளங்களில் நின்றுவிட்டோர் ஆகிய மூவகையினரின் கூட்டுத்தொகையே ஆகும். அணி ஓட்டம் ஏதும் எடாமலும் தளத்தில் எவரும் எஞ்சாமலும் போயின், 18 முறைகளே அமையும். அந்நாளில் முதல் அறுவர் இருமுறை மட்டை பிடிப்பர். கடைசி அறுவர்க்கு ஒருமுறையே வாய்க்கும். மூன்று ஓட்டங்களும் தளங்களில் ஆறு பேரும் எஞ்சிய நாளில் 27 முறைகள் அமையும். அப்பொழுது முதல் மூவர்க்கு மும்முறையும் ஏனையோர்க்கு இருமுறையும் கிடைக்கும்.

ஒருநாள் வேறுபாடு சிறிதே. வரிசையை மாற்றாமல் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடின், நிலை வேறாகும். ஆட்டம் வரிசையின் எந்த இடத்திலும் முடிவதற்கு ஒத்த வாய்ப்பு உண்டு எனக் கொண்டால், முதலாமவன் கடைசியானவனைவிட ஏறத்தாழ 11 முறை மிகுதியாக மட்டை பிடிப்பான். முன்னரே வல்லவனாகிய ஒருவன் மேலும் பழகி வல்லவனாவான். பழக்கம் வேண்டி நிற்பவனோ பழகும் வாய்ப்பை இழப்பான். பந்தியில் முதலில் அமர்ந்தவனுக்கு மறுசோறும், கடைசியில் அமர்ந்தவனுக்கு அரைவயிறும் என நாள்தோறும் பரிமாறுதல் அறமாகுமா?

வெற்றியை விரும்பினால் இதனைப் பொறுத்தல் வேண்டும் என்று சிலர் கூறுவர். அக்கூற்று ஆராயத்தக்கது. சிறந்த வரிசைக்கும் இயல்பான வேறொரு வரிசைக்கும் இடையே, நெடுநாள் ஆட்டங்களில் ஓட்ட வேறுபாடு பெரிதன்று என்பது கணக்கறிந்த ஆய்வாளர் கண்ட முடிவு. அதற்குக் காரணமும் தெளிவு. பயிற்சியாளர் விரும்பியவாறு வரிசை தொடங்குவது முதற்சுற்றில் மட்டுமே. பின்னர் எச்சுற்று எவரோடு தொடங்கும் என்பதை ஆட்டத்தின் போக்கே உறுதி செய்யும். முதலாமவன் உறுதியாக முதல்வனாய் வருவது ஒரே ஒருமுறை. பின்னர் அவன் ஒன்பதாமவனுக்கு அடுத்தவன்.

பெரியோர் ஆட்டத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தொடர்ந்து தோல்வியுற்றிருந்த டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் மேலாளர் பில்லி மார்ட்டின், ஆட்டக்காரர் பெயர்களைத் தொப்பியிலிட்டுக் குலுக்கி எடுத்து வரிசை அமைத்தார். வன்மையாக அடிக்கும் நார்ம் கேஷ் முதலிடத்தையும், மட்டையில் எளியவரான எடி பிரிங்க்மன் புகழ்மிக்க நான்காம் இடத்தையும் பெற்றனர். அவ்வணி கிளீவ்லாந்து அணியை 3-2 என வென்றது. ஒரு வெற்றி ஒரு கொள்கையை நிலைநாட்டிவிடாது. ஆயினும் முறை மாறினால் அணி சிதைந்துவிடும் என்னும் அச்சத்தை அது தளர்த்தியது. 1998ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் மேலாளர் டோனி லா ரூசா, வழக்கமாக ஒன்பதாம் இடத்தில் நிற்கும் பந்து வீச்சாளரை எட்டாம் இடத்தில் நிறுத்தினார்; மட்டை பிடிப்பதில் அவரினும் தேர்ந்த ஒருவரை ஒன்பதாம் இடத்தில் வைத்தார். கடைசியானவனை அடுத்து முதல்வரிசையினர் வருதலின், அவர் அடிக்கும்பொழுது தளங்களில் ஆள் நிற்றல் வேண்டும் என்பது அவர் கருத்து. கடைசி இடமும் ஒரு தொடக்கமே என அவர் உணர்ந்திருந்தார்.

எனவே சிறுவர் அணியை நடத்துவோர்க்கு வழி தெளிவாகின்றது. வரிசையை மாற்றுவதால் அணி இழப்பது சிறிது. மாற்றாமையால் கடைசியில் நிற்கும் சிறுவர் இழப்பது பெரிது. ஆட்டந்தோறும் வரிசையைச் சில இடங்கள் நகர்த்துதல் ஒரு வழி. முன்னைய ஆட்டம் எவரோடு முடிந்ததோ, அவர்க்கு அடுத்தவரோடு புதிய ஆட்டத்தைத் தொடங்குதல் மற்றொரு வழி. பின்னைய வழியில் சக்கரம் ஓராட்டத்தோடு நில்லாது பருவம் முழுதும் சுழலும். பருவம் முடியும்பொழுது, எல்லா ஆட்டங்களுக்கும் வந்த இருவரிடையே ஒருமுறைக்கு மேல் வேறுபாடு இராது. வல்லவர் பக்கத்தில் எளியவர் வருமாறு அடுக்கினால், ஒரு சுற்றில் வருவோர் மூவரும் எளியவராய் அமையும் குறையும் நீங்கும்.

வரிசையை எழுதுதலோடு பயிற்சியாளரது கடமை முடிவதில்லை. ஒவ்வொருவனையும் அழைத்து, அவன் நிற்கும் இடத்தின் பணி இன்னது என விளக்குதல் வேண்டும். 'நீ கடைசி' என்று கேட்ட சிறுவன் தலைகுனிந்து மட்டையை எடுப்பான். 'உனக்குப் பின் முதலாமவன் வருகின்றான். நீ தளத்தில் நின்றால் அவன் அடி உன்னைக் கொண்டு சேர்க்கும்' என்று கேட்ட சிறுவன், தீய பந்தை விடுத்து நல்ல பந்திற்காகக் காத்திருப்பான். இருவரும் நிற்பது ஒரே இடத்தில்தான். அவ்விடத்தைப் பற்றி அவர்கள் கொண்ட எண்ணமே வேறு.

முறை என்பது ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துதற்கு ஏற்பட்டதன்று. ஒருவர் செய்த வேலையை மற்றவர் தொடர்தற்கு ஏற்பட்டது. தளத்தில் நிற்பவன் தானே தாய்த்தளம் சேர்தல் அரிது. பின்வருவோன் அவனுக்குத் துணை. பின்வருவோன் அடியும், முன்னே ஒருவன் நில்லாவிடின், பயன் குறைந்ததே. சுழலும் சக்கரத்தில் முதல் ஆரம் எது, கடைசி ஆரம் எது என்று எவரும் வினவுவதில்லை. ஆரங்கள் யாவும் தத்தம் முறையில் பளுவைத் தாங்கினால் தேர் நகரும்.